நெபுலைசர் மிசினும் ஒரு பிளாஸ்ரிக் குழாயும்: ஐயாவுக்கு எது உதவினது?

முதலே சொல்லிப் போடுறன், மிசின் பழுதில்லை. ரெண்டரை வருசமா ஓடுது, ஒருக்காவும் இடையில நிண்டதில்லை. பிறகேன் அஞ்சுக்கு ரெண்டரை நட்சத்திரம் எண்டு கேட்டா, அது வீட்டில இருந்தபடியாத்தான் ஐயாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ரெண்டு நாள் பிந்தினது. அது மிசினின்ர பிழையோ என்ர பிழையோ எண்டு முழுக்க வாசிச்சிட்டு நீங்களே சொல்லுங்கோ.

ஐயாவுக்கு 71 வயசு. கிளிநொச்சித் தருமபுரத்துக்கு உள்ளுக்க எங்கட வீடு, கிரவல் ரோட்டு, ஒரு பக்கம் வயல். பதினாறு வயசில தொடங்கின சுருட்டு, பிறகு பீடி, அறுபத்தஞ்சு வயசு மட்டும் விடேல்ல. வயல்காரன், சூடு அடிக்கிற சுணை, பதர்த் தூசி எல்லாம் அந்த நெஞ்சுக்குள்ளதான் போனது. எங்கட சனம் இதை தொய்வு (ஆஸ்துமா) எண்டுதான் சொல்லும், நாங்களும் கனகாலம் தொய்வு எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனாங்கள். கிளினிக்கில ஒரு குழாய்க்குள்ள பலமா ஊதச் சொல்லி ரெஸ்ற் எடுத்தவை, உள்ள இழுத்த காத்து முழுக்க வெளியில வாறதில முதல் செக்கனில எவ்வளவு வருது எண்டு பாக்கிறது அது, மருந்தடிச்ச பிறகும் 70 வீதத்துக்குக் குறைவா நிண்டா அதை சிஓபிடி, மூச்சுக் குழாயள் நாட்பட அடைச்சுப் போற வருத்தம், எண்டு சொல்லுறவையாம். ஐயாவுக்கு அதை விட நல்லாக் குறைவு. தொய்வு மருந்தடிச்சா பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும், இது முழுக்கத் திரும்பாது, இருக்கிறதைப் பத்திரமா வைச்சிருக்கிறதுதான் வேலை. இதை எனக்கு வடிவா விளங்கப்படுத்த ஆளில்லாமல் நாலு வருசம் போச்சு.

சரி, மிசினுக்கு வாறன்.

2022 மார்கழியில ரவுணில ஒரு மருத்துவச் சாமான் கடையில வாங்கினது (பேர் வேண்டாம், அந்தப் பெடியனும் பிழைக்கோணும்), 12,500 ரூவா. வெள்ளைப் பெட்டி, சாப்பாட்டுப் பெட்டி அளவு, உள்ளுக்க ஒரு சின்னக் கொம்பிரசர். ஒரு றப்பர் குழாய், மருந்து ஊத்திற கப், பெரியாளுக்கு ஒரு மாஸ்க், குழந்தைக்கு ஒரு மாஸ்க், வாயில வைக்கிற குழாய் ஒண்டு, அஞ்சு வட்ட பில்ரர். கரண்டில கொழுவிப் போட்டா காத்து கப்புக்குள்ள அடிச்சு மருந்துத் தண்ணியை புகை மாதிரி ஆக்கும், அதை எட்டுப் பத்து நிமிசம் மூச்செடுக்கோணும், அவ்வளவுதான் வேலை. சத்தம் சொல்லி வேலையில்லை. ராத்திரி போட்டா பக்கத்து வீட்டு நாய் குலைக்கும், அம்மா தண்ணி மோட்டர் போட்டிருக்கெண்டு நினைச்சு ஒருநாள் கிணத்தடிக்கு ஓடினவ.

கடைப் பெடியன் விக்கேக்க சொன்னது எனக்கு இப்பவும் நினைவிருக்கு: "அக்கா, இது வீட்டில நிண்டா ஆஸ்பத்திரிக்குப் போற வேலையே இல்லை." அந்த ஒரு வசனத்துக்குத்தான் ஒண்டரை நட்சத்திரம் வெட்டினனான்.

இன்னும் ஒண்டு, மாஸ்க் விசயம். அவன் மாஸ்க்கைத்தான் கொழுவிக் காட்டினவன், நாங்களும் அதைத்தான் பாவிச்சம். ஐயாவுக்குக் கண்ணில பிறஷர், கிளோகோமா, சொட்டு மருந்து விடுறவர். கப்புக்குள்ள மூச்சுக் குழாயை விரிக்கிற சல்பியூட்டமோலோட இப்ராற்றோப்பியம் எண்டு இன்னொரு மருந்தும் சேத்துத்தான் தந்தவை, அது மாஸ்க்கின்ர இடுக்கால மேல வந்து கண்ணுக்க பட்டா கண் பிறஷரைக் கூட்டும். கண் கிளினிக்கில ஒரு டொக்டர் தற்செயலாக் கேட்டபடியாத்தான் தெரியும், உடன வாய்க்குழாய்க்கு மாத்தினனாங்கள். அந்தக் குழாய் பெட்டிக்குள்ளதான் இருந்தது, பொலித்தீன் கூட உடைக்காமல். கண்வருத்தக்காரர் வீட்டில இருந்தா இதைக் கேட்டு வாங்குங்கோ.

இனி அந்த மாசி மாசக் கதை.

2024, காலபோக வெட்டு நடக்குது. விடிய பனி, பத்து மணிக்குப் பிறகு எங்கட வேலிக்கு அங்கால மிசின் வெட்டு, பதர்த் தூசி முத்தமெல்லாம். ஐயாவுக்கு செவ்வாய்க்கிழமை சளி கொஞ்சம் கூட, புதன்கிழமை அது பச்சை கலந்த மஞ்சள். மூச்சு வாங்குது, நான் மிசினைப் போட்டன், பத்து நிமிசத்தில முகம் தெளிஞ்சுது, தேத்தண்ணி கேட்டுக் குடிச்சவர். எனக்குப் பெருமை, காசு குடுத்து வாங்கினது உழைக்குது எண்டு. மூண்டு மணித்தியாலத்தால திரும்ப இழுப்பு, திரும்பப் போட்டன். வியாழன் பகல் நாலு தரம். அண்டைக்கு ராத்திரி ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, கடைசியா ஒரு மணித்தியாலம் கூடத் தாங்கேல்ல. கை நடுங்குது, நெஞ்சு படபடக்குது எண்டு சொன்னவர், அது மருந்தின்ர குணம் எண்டு எனக்குத் தெரியும், அதாலதான் பயப்பிடேல்ல. பயந்திருக்கோணும். ஒவ்வொரு தரமும் சுகம் வாற நேரம் சுருங்கிக்கொண்டு போகுது, அதை ஒரு துண்டில எழுதி வைச்சிருந்தா சின்னப்பிள்ளைக்கும் விளங்கியிருக்கும், நான் எழுதேல்ல, அந்தந்த நேரத்துக்கு சுவிச்சைப் போட்டுக்கொண்டிருந்தன்.

வெள்ளி விடிய நாலரை இருக்கும். ஐயா கதிரையில இருந்தபடி ரெண்டு கையையும் முழங்காலில ஊண்டிக்கொண்டு இருக்கிறார், இழுப்புச் சத்தம் குறைஞ்சிட்டுது. எனக்கு நிம்மதி, நித்திரை கொள்ளுறார் எண்டு நினைச்சன். அம்மாதான் வந்து பாத்திட்டு, "பிள்ளை, இது நித்திரை இல்லையடி" எண்டு சொன்னவ. கூப்பிட்டா கண்ணைத் திறக்கிறார், ஏதோ சம்பந்தமில்லாமல் இரணைமடுக் குளத்துக் கதவு திறந்தாச்சோ எண்டு கேக்கிறார், திரும்ப சொக்குறார். சொண்டு நீலம் பாரிச்சிருந்தது. இழுப்புச் சத்தம் குறைஞ்சது சுகம் வந்தபடியா இல்லை, காத்துப் போய்வாறதே குறைஞ்சபடியா.

1990 அம்புலன்சுக்கு அடிச்சம். 2018இல வடக்குக்கு அந்தச் சேவை வந்த நேரம் நான் பெரிசா எடுக்கேல்ல, அண்டைக்குத்தான் விளங்கினது. காசில்லாச் சேவை, ரெலிபோனிலயே வயசு, என்ன வருத்தம், கதைக்கிறாரோ எண்டு கேட்டவை, எங்கட ஒழுங்கை மட்டும் பிடிபடேல்ல, தம்பியவன் மோட்டச்சைக்கிளில ரோட்டு முகப்புக்குப் போய் நிண்டவன். வண்டிக்குள்ள இருந்த பெடியன் ஐயாவின்ர விரலில கிளிப்பைக் கொழுவிப் பாத்தான், ரத்தத்தில ஒக்சிசன் 79 வீதம். ஒக்சிசன் போட்டவன், ஆனா முழுக்கத் திறக்கேல்ல. எனக்கு உள்ளுக்க கோவம், சிலிண்டரில இருக்கிறதை ஏன் கஞ்சத்தனமா விடுறான் எண்டு. "சிஓபிடி ஆக்களுக்கு 88க்கும் 92க்கும் இடையில வந்தாக் காணும் அக்கா, அதுக்கு மேல ஏத்தினா ரத்தத்தில கரியமில வாயு கூடி இன்னும் மயங்கிப் போவினம்" எண்டான். பிறகு தேடி வாசிச்சன், அவுஸ்திரேலியாவின்ர டஸ்மேனியாவில அம்புலன்சுக்குள்ளேயே இதைச் சோதிச்சுப் பாத்து 2010இல எழுதியிருக்கினம், எல்லாருக்கும் கூடத் திறந்து விட்டதை விட அளந்து விட்ட ஆக்களில செத்தவை நல்லாக் குறைவு. அந்தப் பெடியனுக்கு அஞ்சுக்கு ஆறு நட்சத்திரம், மனசுக்குள்ள திட்டினதுக்கும் சேத்து.

ஆஸ்பத்திரியில டொக்டர் முதல் கேட்டதே, "வீட்டில எத்தினை தரம் மிசினில புகை பிடிச்சனீங்கள்?" நான் கணக்குச் சொல்ல வெளிக்கிட்டு பதினொண்டில நிண்டிட்டன். அவ ஏசேல்ல. ஏசியிருந்தா நல்லம் போல இருந்தது. பொறுமையாச் சொன்னவ: அந்த மிசினுக்குள்ள ஊத்திற மருந்து குழாயளை கொஞ்ச நேரத்துக்கு விரிச்சு விடும், உள்ளுக்க இருக்கிற வீக்கத்தையும் கிருமியையும் அது தொடாது. வருத்தம் கூடினா அதோட குளிசை வேணும், அதை முதல் நாளே தொடங்கியிருந்தா சிலவேளை வாட்டுக்கு வந்திருக்கத் தேவையில்லை. பிரெட்னிசலோன் எண்ட ஸ்ரெரொயிட் 40 மில்லிகிராம் அஞ்சு நாள், 5 மில்லிகிராம் குளிசை எட்டு ஒரேயடியா. முந்தி ரெண்டு கிழமை குடுத்தவையாம், சுவிசில ஒப்பிட்டுப் பாத்து அஞ்சு நாளே காணுமெண்டு 2013இல காட்டின பிறகு சுருக்கிட்டினம். சளி நிறம் மாறினபடியா அன்ரிபயற்றிக்கும். (இதை வாசிச்சிட்டு பாமசியில போய் எட்டுக் குளிசை வாங்கிப் போட வேண்டாம். ஐயாவுக்கு அந்த அஞ்சு நாளும் சீனி முந்நூறைத் தாண்டினது, வாட்டில பாத்துப் பாத்து ஊசி போட்டவை.)

ரெண்டு நாள் மூக்கில இறுக்கின மாஸ்க்கால காத்து அமத்தி அடிக்கிற மிசினில வைச்சவை. ஆறாம் நாள் வீட்ட வந்தம்.

வெளிக்கிடேக்க டொக்டர் கிளினிக் கொப்பியில சிவப்புப் பேனையால ஏதோ வட்டம் போட்டவ. என்னெண்டு கேட்டன். இந்த வருத்தத்தில அடுத்த முறை ஆர் வாட்டுக்கு வருவினம் எண்டு சொல்லுறதுக்கு மற்ற எல்லாத்தையும் விடப் பெரிய அடையாளம், போன முறை வந்தவையோ எண்டதுதானாம். வருசத்துக்குள்ள ரெண்டு தரம் குளிசையளவுக்குக் கூடினாலோ, ஒரே ஒருக்கா வாட்டில நிண்டாலோ, ரெண்டும் ஒரே கணக்கு, ஆபத்துக் கூடின பக்கத்தில பேர் போடுவினம். அதோட ஐயா மெலிவு, சீனி வேற, இதயமும் கொஞ்சம் பலவீனம், கால் வீங்கிறது. எல்லாத்தையும் கேட்டிட்டு அவ கேட்ட அடுத்த கேள்விதான் எனக்குச் சுட்டது: "தினமும் அடிக்கிற பம்பை, இன்ஹேலரை, எப்பிடி அடிக்கிறவர், காட்டச் சொல்லுங்கோ."

ஐயா காட்டினார். வாயைத் திறந்து, தூரத்தில பிடிச்சு, நுளம்புக்கு மருந்தடிக்கிற மாதிரி ஒரு அடி, பிறகு மூச்சை இழுத்தார். முக்கால்வாசி நாக்கிலயும் தொண்டையிலயும். நாலு வருசமா அப்பிடித்தான். நாலு வருசமா நாங்கள் அந்த மருந்தை நாக்குக்குத்தான் குடுத்துக்கொண்டு இருந்திருக்கிறம்.

அங்கதான் தலைப்பில சொன்ன பிளாஸ்ரிக் குழாய் வந்தது, ஸ்பேசர். பாமசியில அப்ப 2,000 ரூவாவுக்குக் கிட்ட, ஒரு பிளாஸ்ரிக் குடுவை, ஒரு பக்கம் பம்ப் கொழுவுற ஓட்டை, மற்றப் பக்கம் வாய். மோட்டரும் இல்லை பற்றரியும் இல்லை, கையில எடுத்தா இதுக்கா காசு எண்டுதான் தோணும். மிஸ்ஸி (தாதி) ஒராள் வாட்டிலயே சொல்லித் தந்தவ: பம்பை நல்லாக் குலுக்கு, கொழுவு, ஐயாவை முதல் மூச்சை முழுக்க வெளியில விடச் சொல்லு, ஒரே ஒரு அடி, மெதுவா ஆழமா இழுத்து பத்து எண்ணுமட்டும் பிடிக்கச் சொல்லு, ஏலாட்டி அப்பிடியே சாதாரணமா நாலஞ்சு மூச்சு அதுக்குள்ளேயே எடுக்கச் சொல்லு, பிறகு திரும்பக் குலுக்கி அடுத்த அடி. ரெண்டு மூண்டு அடியை ஒண்டா உள்ளுக்க அடிச்சு வைச்சா துளியள் ஒண்டோடொண்டு முட்டிச் சுவரில ஒட்டிப் போகும். ஸ்ரெரொயிட் பம்ப் எண்டா கடைசியில வாய் கொப்பளிக்கோணும், இல்லாட்டி நாக்கில வெள்ளை பிடிக்கும், ஐயாவுக்குப் பிடிச்சது.

கழுவுறதிலயும் ஒரு நுணுக்கம் இருக்கு, அதை ஒருத்தரும் பெட்டியில பெரிசா எழுதுறதில்லை. கிழமைக்கு ஒருக்கா பாத்திரம் கழுவுற சவுக்காரத் தண்ணிக்குள்ள ஊறவிட்டு எடுத்து, துணியால துடைக்காமல் அப்பிடியே நிழலில காயவிடோணும். துடைச்சா பிளாஸ்ரிக்கில மின் ஏறி மருந்து எல்லாம் சுவரோட ஒட்டிப் போகும், தலைமயிரில சீப்பை இழுத்திட்டுக் கடுதாசித் துண்டைப் பிடிக்கிற மாதிரி. அம்மா ஒருநாள் மினுக்க மினுக்கத் துடைச்சு வைச்சிட்டா, வெள்ளிச் செம்பு மாதிரி.

மிசினையும் இதையும் சனம் ஒப்பிடுற விதம் எனக்கு இப்ப சிரிப்பு. பம்பில ஒரு அடி 100 மைக்கிரோகிராம், மிசின் கப்புக்குள்ள ஊத்திறது 2.5 இல்லாட்டி 5 மில்லிகிராம், அதாவது இருபத்தஞ்சு, அம்பது அடிக்குரிய மருந்து. ஆனா அதில பெரும்பங்கு கப்பின்ர அடியிலயும், மூச்சு வெளியில விடேக்க காத்திலயும், அம்மாவின்ர குசினிக்குள்ளயும் போயிடும். சிஓபிடி கூடின நேரத்தில எது திறம் எண்டு 2016இல கொக்ரேன் எண்ட மருத்துவ ஆய்வுக் குழு ஆக்கள் கிடைச்ச ஆய்வுகளை ஒண்டாப் போட்டுப் பாத்தவை, ஒண்டை விட்டு மற்றதைத்தான் பாவியுங்கோ எண்டு சொல்ற அளவுக்கு ஆதாரம் காணாது எண்டுதான் முடிச்சவை. மூச்சு இழுக்கவே பலமில்லாத ஆளுக்கு மிசின் சுகம், அதை நான் மறுக்கேல்ல. ஆனா 2022இல ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின மாதிரி திரும்ப வந்தா மிசின் வெறும் பெட்டி, குழாய் எப்பவும் குழாய். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகேக்கயும் என்ர பையுக்குள்ளதான் கிடந்தது. வாங்க வசதி இல்லாத வீடுகளுக்கு மிஸ்ஸி ஒரு அரை லீற்றர் சோடாப் போத்தலின்ர அடியில பம்ப் இறுக்கமாப் போற அளவுக்கு ஓட்டை போட்டுக் காட்டினவ, அது பகிடி இல்லை, தென்னாபிரிக்காவில தொய்வுப் பிள்ளையளுக்கு அப்பிடிச் செய்து பாத்து கடைச் சாமானுக்குக் குறைவில்லை எண்டு 1999இலேயே எழுதியிருக்கினம்.

ஸ்பேசருக்கு அஞ்சுக்கு அஞ்சு. குறை எண்டா, எங்கட பம்ப் கொம்பனி மாறினா அந்த றப்பர் வாய் கொஞ்சம் லூசாகும், வாங்கேக்க பம்பைக் கொண்டுபோய்க் கொழுவிப் பாத்து வாங்குங்கோ.

விரலில கொழுவுற ஒக்சிமீற்றர் கொரோனாக் காலத்தில வாங்கினது. 2,800 குடுத்த நினைவு. மாசி மாசம் அது எங்க இருந்தது எண்டு கேளுங்கோ. அலுமாரிக்குள்ள, பற்றரி ஊறிப்போய். அதுவும் என்ர கணக்குத்தான். பற்றரியைக் கழட்டி வையுங்கோ, பக்கத்தில வையுங்கோ, கிழமைக்கு ஒருக்கா போட்டுப் பாருங்கோ.

இந்தச் சாமானுக்கு மூண்டரை நட்சத்திரம், ஏனெண்டா இது நம்பர் காட்டும், அர்த்தம் காட்டாது. ஐயாவுக்கு சுகமான நாளில 92, 91. பக்கத்து வீட்டு ரீச்சர் வந்து பாத்திட்டு, ஐயோ 95க்குக் கீழ எண்டா ஆபத்தாம் எண்டு கலவரப்பட்டவ, அது கொரோனாக் காலத்துக் கணக்கு. இவருக்கு இவரின்ர கணக்கு. சுகமா இருக்கிற பத்து நாள் பாத்து எழுதி வைச்சு, அதில இருந்து மூண்டுக்கு மேல இறங்கினாத்தான் நான் யோசிக்கத் தொடங்கிறது. மாசி பனியில விரல் குளிர்ந்திருந்தா 84 காட்டும், கையைத் தேச்சுச் சூடாக்கி ஒரு நிமிசம் பொறுத்தா 91. மருதாணி, நகப்பூச்சு இருந்தாலும் குழப்பும். இன்னொண்டு, எங்களை மாதிரிக் கறுத்த தோலில இந்த மிசின் உள்ளதை விடக் கொஞ்சம் கூடக் காட்டச் சந்தர்ப்பம் இருக்கு, 2020இல அமெரிக்காவில ஆஸ்பத்திரிக் கணக்குகளைப் பாத்து அதைச் சொன்னவை, அதால 90 எண்டு காட்டினா நான் மனசுக்குள்ள அதைக் கொஞ்சம் குறைச்சுத்தான் வாசிக்கிறது. சுருட்டு, விறகுப் புகைக்குள்ள நிண்ட ஆளுக்கும் கூடத்தான் காட்டும், காபன் மொனொக்சைட் ஒட்டின ரத்தத்தை அது ஒக்சிசன் எண்டு நினைச்சுப் போடும். எல்லாத்தையும் விட, கரியமில வாயு கூடினதை இது காட்டவே காட்டாது. அண்டைக்கு விடிய ஐயா சொக்கினது அதாலதான். அதுக்கு மிசின் அம்மாதான்.

அதால நம்பரோட சேத்து மூச்சை எண்ணுறம். ஐயாவுக்குத் தெரியாமல், கைநாடி பிடிக்கிற மாதிரிக் கையைப் பிடிச்சுக்கொண்டு நெஞ்சைப் பாத்து ஒரு நிமிசம். சுகமான நாளில 18. நிமிசத்துக்கு 24ஐத் தாண்டினா விளையாட்டில்லை. ஒரு சி.ஆர். கொப்பி, அதில திகதி, நம்பர், மூச்சு, சளி நிறம், நீலப் பம்ப் (மூச்சு முட்டேக்க உடன அடிக்கிறது) எத்தினை அடி, அவ்வளவுதான். அம்மாவுக்கு எழுத வராது, ஆனா சளி நிறத்துக்கு அவ தன்ர பாசையில ஒரு கணக்கு வைச்சிருக்கிறா: பால், மோர், மஞ்சள் தண்ணி, பாசி. பாசி எண்டு சொன்னா நான் வேலையால வந்திடுவன். கிளினிக் டொக்டர் அந்த நாலு சொல்லையும் கொப்பியில பாத்திட்டு, இதை அப்பிடியே வைச்சிருங்கோ எண்டு சொன்னவ.

2024 ஐப்பசி மழைக்கு அந்தக் கொப்பி உழைச்சது. ரெண்டு நாளில மோரில இருந்து மஞ்சள் தண்ணி, நீலப் பம்ப் ஆறு அடியில இருந்து பதினாலு, நம்பர் 88. ராத்திரி மிசின் சுவிச்சில கை வைக்காமல் விடிய முதல் பஸ்ஸில போனம், குளிசை எழுதித் தந்து வீட்ட அனுப்பினவை, அஞ்சாம் நாள் ஐயா வரம்பில நிக்கிறார். வாட்டே இல்லை. நான் கொப்பியைச் சாமித்தட்டில வைக்காத குறை.

ஆனா பொய் சொல்லக் கூடாது, 2025 தையில திரும்ப வாட்டுத்தான், மூண்டு நாள். கொப்பி எழுதினது, நேரத்துக்குப் போனது, எல்லாம் சரியாத்தான் செய்தது, அப்பிடியிருந்தும். இந்த வருத்தம் அப்பிடித்தான், போன முறை வந்தவை திரும்ப வருவினம் எண்டு அந்தச் சிவப்பு வட்டம் சொன்னது. ஒரு வித்தியாசம், இந்த முறை ஐயா நடந்து போய்ப் படுத்தவர், இறுக்கின மாஸ்க் தேவைப்படேல்ல, இரணைமடுவைப் பற்றி விசாரிக்கேல்ல.

இனி ஆக்கள் வாங்கச் சொல்லி எங்களை அரிச்சு நாங்கள் வாங்காமல் விட்ட சாமான் பற்றியும் சொல்லிவிடுறன். கனடாவில இருக்கிற சித்தப்பா ஒக்சிசன் கொன்சன்ரேற்றர் (காத்தில இருந்து ஒக்சிசனைப் பிரிச்சுத் தாற மிசின்) வாங்கித் தாறன், காசு அனுப்புறன் எண்டு ஒத்தைக்காலில நிண்டவர். பெரிய மனசு. கிளினிக்கில கேட்டம், சுகமா இருக்கிற நேரத்திலேயே ஒக்சிசன் 88 இல்லாட்டி அதுக்குக் கீழ நிக்கிற ஆக்களுக்குத்தான் வீட்டில நாளைக்கு 15 மணித்தியாலத்துக்குக் குறையாமல் வைக்கிறது, ஐயா அந்தளவில இல்லை, அப்பிடி இல்லாத ஆளுக்கு அளவில்லாமல் திறந்து விட்டா அந்த விடியக்காலை திரும்ப வரும் எண்டு சொன்னவை. சித்தப்பாவுக்கு மனவருத்தம். அந்தக் காசில குசினியை வீட்டை விட்டுத் தள்ளிக் கட்டி, புகை போக்கி வைச்சு, காஸ் அடுப்பும் வாங்கினம். அம்மா இன்னும் சோறு மட்டும் விறகிலதான், காஸில வடிச்சாச் சோத்துக்கு வாசமில்லையாம். அம்மாவும் விடியக் காலமை இருமுறா. சுருட்டுத் தொடாத பொம்பிளையளுக்கு இந்த வருத்தம் அடுப்படியாலயும் வாறது எண்டு தெரிஞ்சும் நான் இன்னும் அவவை ஊத வைக்கிற ரெஸ்ற்றுக்குக் கூட்டிக்கொண்டு போகேல்ல, வாற மாசம் எண்டு ஒவ்வொரு மாசமும் சொல்லிக்கொண்டிருக்கிறன்.

தடுப்பூசி பற்றியும் கேட்டுப் பாருங்கோ, வருசா வருசம் போடுற இன்புளுவென்சா ஊசியும் நிமோனியாவுக்குரியதும். ஐயாவுக்கு இன்புளுவென்சா ஊசி காசு குடுத்து வெளியில போட்டது. ஊசிக்குப் பயந்த மனிசன், சண்டையில செல் விழேக்க அசையாதவர், ஊசியைக் கண்டோடன ஒண்டுக்குப் போறன் எண்டு எழும்பிப் போனவர்.

மிசினுக்குத் திரும்ப வாறன். வைச்சிருக்கிறன், விக்கேல்ல. மிசினுக்கு மேல ஒரு துண்டு ஒட்டியிருக்கு, என்ர கையெழுத்து: நாலு மணித்தியாலத்துக்குள்ள ரெண்டாந்தரம் போட வேண்டி வந்தா சுவிச் இல்லை, ரெலிபோன். சொக்கினா, கதை குழம்பினா, சொண்டு நீலம் பாரிச்சா, ஒரு வசனம் முழுக்கச் சொல்ல மூச்சுக் காணாட்டி, மிசினே வேண்டாம், நேர 1990. இந்த நாலு மணித்தியாலக் கணக்கு எங்கட டொக்டர் ஐயாவுக்கெண்டு சொன்னது, உங்கட ஆளுக்கு உங்கட டொக்டரைக் கேட்டு எழுதுங்கோ. கடைக்காரர் ஆராவது வாசிச்சா, பெட்டியோட அப்பிடி ஒரு துண்டை நீங்களே ஒட்டிக் குடுங்கோவன், கடதாசி என்ன விலை.

கடைசியா ஒரு உதவி. அந்தப் பெட்டியோட வந்த வட்ட பில்ரர் அஞ்சும் முடிஞ்சுது, கடைசி ஒண்டு இப்ப புழுதியில கோப்பி நிறம். வாங்கின கடையில கேட்டா அந்த மொடல் இப்ப வாறேல்ல, பஞ்சு வைச்சுப் பாவியுங்கோ எண்டுறான். பஞ்சு வைக்க எனக்கு மனமில்லை. கிளிநொச்சியிலயோ வவுனியாவிலயோ ஐஞ்சு ரூவாக் குத்தியை விடக் கொஞ்சம் சின்ன, தடிச்ச வெள்ளை பில்ரர் தனியா எடுக்கிற இடம் தெரிஞ்சா சொல்லுங்கோ, வாற வெட்டுக்கு முதல் மாத்தோணும்.